அந்த ஒரு சொல் என் வாயில்தான் இருந்தது

நீங்கள் கட்டாருக்குப் போகுமுன் கூடிப் பேசினோமே, அன்று நம் வீட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் 'நான் அங்கே இல்லை' என்று சொல்ல வேண்டாம். இறம்பொடையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த உன் மாமா முத்தையா. உன் அக்கா செல்வி, இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை. அவள் புருஷன் ரவி, வந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தவன். உன் மனைவி சுகந்தி. சீனி கேட்க வந்து, பேச்சு ருசியாக இருந்ததால் கதவோரமே உட்கார்ந்துவிட்ட நம் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் லெட்சுமி. ஹட்டனிலிருந்து கேக்குப் பெட்டியோடு வந்த உன் மாமியார் டீச்சரம்மா. நடுவில் பாயில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த உன் மகள் ருக்ஷி. அப்புறம் நீ. அப்புறம் நான், உன்னைப் பெற்றவள்.

போன கிழமை கட்டாரிலிருந்து பேசும்போது கேட்டாய். "ஏம்மா, அத்தை வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியாமே? புள்ளய ஒங்கிட்டதானே விட்டுட்டு வந்திருக்கோம். இன்னும் என்னதான் வேணும் ஒனக்கு?" என்றாய். எனக்கு 'நீ' போடுகிறாய், அவருக்கு 'நீங்க' போடுகிறாய். அது என்மேல் உனக்கிருக்கும் உரிமை என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த காலமும் உண்டு. உன் கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் பேசத் தொடங்கினால் நீ நடுவில் புகுவாய், "சரிம்மா, வெளங்குது, நீ என்ன சொல்ல வர்றேன்னா..." என்று என் பேச்சை நீயே முடித்துவிடுவாய். எழுத்தில் அப்படிப் புக முடியாது. அதனால் எழுதுகிறேன். சுகந்தி படிக்கட்டும், அவளுடைய அம்மாவுக்கும் காட்டட்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து கோணலாக இருக்கும். சொல்ல வந்த விஷயம் கோணல் இல்லை.

லெட்சுமி இதைப் பொறாமை என்கிறாள். ஆமாம், பொறாமைதான். ருக்ஷி முதலாம் வகுப்புக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பின்னேரமும் நானுஓயாவில் ரயில் ஏறி அவளை ஹட்டனுக்குக் கொண்டுபோய் விட்டாய், இங்கிலீஷ் படிக்கட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது பிள்ளையின் மேலில் வேறு வீட்டுச் சவர்க்கார வாசம் அடிக்கும். சுடுதண்ணீர் வைத்து, என் சவர்க்காரத்தைப் போட்டு, அந்த வாசம் போகும்வரை தேய்த்துவிடுவேன். "அப்பாயி, எரியுது" என்பாள். எரியட்டும் என்று தேய்ப்பேன். வாசத்தைக் கழுவ முடிந்தது. அவள் வாயில் ஏறி வந்ததைக் கழுவ முடியவில்லை.

ஒருநாள் அடுப்படியில் பூனை வந்து நின்றது. எனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று காட்ட, "கேட்" என்றேன். பிள்ளை சிரித்தாள். "அப்பாயி, அப்படித் தனியா சொல்லக் கூடாது. முன்னுக்கு ஒண்ணு வரணும். எந்தப் பூனையோ ஒண்ணுன்னா எ கேட். நமக்குத் தெரிஞ்ச பூனைன்னா த கேட். நம்மளோடதுன்னா மை கேட்."

"பூனைக்கு எதுக்குடி இம்புட்டு விசாரணை?" என்றேன்.

"அம்மம்மா அப்படித்தான் சொல்லித் தந்தாங்க" என்றாள். அவள் வாயில் அந்த அம்மம்மா வந்தால் எனக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டே நான் யோசித்துப் பார்த்தேன். நாம் பூனை என்றால் பூனை, அவ்வளவுதான். யார் பூனை, எந்தப் பூனை என்பது கேட்கிறவருக்குத் தெரியும், தெரியாவிட்டால் கேட்டுக்கொள்வார். இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே அது யாருடையது, ஊருக்குத் தெரிந்ததா தெரியாததா, ஒன்றா பலதா என்று சொல்லிவிட வேண்டும் அவனுக்கு. என்னைப் போலப் பொறாமைக்காரன்தான் அந்தப் பாஷையை உண்டாக்கியிருப்பான் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பாஷைமேல் கொஞ்சம் பிடிப்பு வந்தது.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் தினம் வைத்தார்களே, அதற்கு நீ வேலை என்று வரவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், டீச்சரம்மா எனக்கு அடுத்த கதிரையில். ருக்ஷி மேடையில் ஏறித் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசினாள். மை கிராண்ட்மதர் ஹட்டனில் இருக்கிறார் என்றாள். மை அதர் கிராண்ட்மதர் கந்தப்பளையில் இருக்கிறார் என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வரும் வழியில், கூட வந்த செல்வியிடம் கேட்டேன், "அதர்னா என்னடி?" அவள் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "மத்தப் பாட்டின்னு அர்த்தம்மா. ரெண்டு பேரு இருக்காங்கல்ல, அதுக்காகச் சொல்றது" என்றாள். நம் பாஷையில் நான் அப்பாயி, அவர் அம்மம்மா. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு இடம், சண்டைக்கு வழியே இல்லை. இங்கிலீஷில் ரெண்டு பேருக்கும் ஒரே பெயர்தான். அதனால் யாராவது ஒருத்தருக்கு முன்னால் இன்னொரு சொல்லை ஒட்ட வேண்டியிருக்கிறது. ஒட்டாமல் வெறுமனே நிற்கிறவள் பாட்டி. ஒட்டு வாங்கியவள் மத்தவள். பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். முதலில் யார் முகம் நினைவுக்கு வந்ததோ அவருக்கு ஒட்டில்லாமல் போயிற்று. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன்பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். கிழமை நாட்களில் டீச்சரம்மா வாட்ஸப்பில் முகம் காட்டிப் பாடம் சொல்வார். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்தபடி காதை அங்கே வைத்திருப்பேன். "பிள்ளை, கவனியுங்கோ. முன்னுக்கு ஒரு ஆள்தான் நிக்கலாம். மை எண்டா மை, த எண்டா த. ரெண்டையும் சேத்து த மை ஹவுஸ் எண்டு சொல்லேலாது" என்பார். எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. தலைமாட்டில் ஒருத்திக்குத்தான் இடம். இதைத்தானே நானும் இத்தனை நாளாகச் சொல்கிறேன்!

"நடுவில எத்தினை பேரும் வரலாம். ஆனா ஒழுங்கு வேணும். லிட்டில் ரெட் அம்ப்ரெல்லா. ரெட் லிட்டில் எண்டு சொல்லுறேல்ல."

"ஏன் அம்மம்மா?"

"அது அப்பிடித்தான் குஞ்சு. கேட்டுக் கேட்டுத்தான் பழகும்."

கேட்டுக் கேட்டு நானும் பழகினேன். வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் காலையில் யார் எங்கே நிற்பது என்று எழுதியா வைத்திருந்தார்கள்? இடம் மாறி நின்றால் கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான். இதுவும் அப்படித்தான். முன்னால் மையோ தவோ, அப்புறம் நல்லது கெட்டது, அப்புறம் பெரிசு சிறிசு, அப்புறம் பழசு புதுசு, அப்புறம் நிறம், கடைசியில் பொருள். பொருள் வரும்வரை மூச்சை விடக் கூடாது. இன்னொன்றும் கேட்டேன். "மை எண்டுறதுக்குப் பக்கத்தில ஓன் எண்டு ஒண்டு சேக்கலாம். மை ஓன் ஹவுஸ். வேற ஒருத்தருக்கும் அதில பங்கில்லை எண்டு அர்த்தம்" என்றார். கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சொல்லை எனக்குள்ளே பத்திரப்படுத்தினேன்.

இந்த வித்தை கையில் வந்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? பழைய பேச்சுகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில், கோயில் வாசலில், டீச்சரம்மா தன்னோடு படிப்பித்த ஒருவரிடம் உன்னைக் காட்டி, "எ வெரி குட் எஸ்டேட் பாய்" என்றார். நீ வேட்டியைச் சரிசெய்துகொண்டு பல்லைக் காட்டினாய், பாராட்டு என்று. எனக்கு அன்றைக்கு அந்த நாலைந்து சத்தம்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. சத்தத்தை அப்படியே வைத்திருந்தேன். இப்போது பிரித்துப் பார்த்தேன். முன்னால் எ. எத்தனையோ பேரில் யாரோ ஒருத்தன். தாலி கட்டி முடிந்த பிறகும் மை போடுவதற்கு அவருக்கு வாய் வரவில்லை. அப்புறம் வெரி குட், நல்ல பையன்தான். அப்புறம் எஸ்டேட், தோட்டத்துப் பையனாம். நல்ல பையன் என்று நிறுத்தியிருக்கலாம் அல்லவா? அந்த ஒரு சொல்லை நடுவில் வைத்ததும் நல்லவன் என்பதே ஆச்சரியம் மாதிரி ஆகிவிட்டது. உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் "விடு புள்ள, அவங்க ஊருப் பேச்சு அப்படி" என்று சொல்லியிருப்பார். அவர் எதையும் விடுகிறவர். நான் விடுகிறவள் இல்லை.

மகனே, உனக்கு இதில் ஒரு புத்தியும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ வேலை செய்கிற ஹோட்டலில் பல நாட்டுக்காரர்கள் உனக்கு முன்னால் பல சொல்லைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். சிலோன்காரன், கறுப்பன், கெட்டிக்காரன், பாவப்பட்டவன். நல்ல சொல்லாக இருந்தாலும் அவசரப்பட்டுப் பல்லைக் காட்டாதே. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார். முன்னால் என்ன நிற்கிறது, நடுவில் எதைச் செருகினார்கள் என்று பார். பார்த்துவிட்டு அப்புறம் சிரி.

படித்ததைச் சோதித்துப் பார்க்க எனக்கு வேறு ஆள் இல்லை. பாதையோரம் நான் கேரட்டும் லீக்ஸும் வைத்து விற்கிற இடத்தில் வெள்ளைக்காரர்கள் வேனை நிறுத்துவார்களே, அவர்களிடம் சோதித்தேன். ஒரு வெள்ளைக்காரி கேரட்டைத் தூக்கிப் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "தீஸ் நைஸ் பிக் ஃப்ரெஷ் கேரட்ஸ், மை ஓன் கேரட்ஸ்" என்றேன். அவள் அசந்துபோய் இன்னொரு கட்டும் வாங்கினாள். வேன் ஓட்டி வந்த சிங்களத் தம்பி, "ஆச்சிகே இங்கிரிசி மரு!" என்று கத்தினான், ஆச்சியுடைய இங்கிலீஷ் பிரமாதமாம். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு நடந்து வந்த நடையை லெட்சுமி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பாஷை என்னை ஏமாற்றிவிட்டது. நமக்கு 'எங்க வீடு' வேறு, 'நம்ம வீடு' வேறு. எங்க என்றால் நீ வெளியே, நம்ம என்றால் நீயும் உள்ளே. இங்கிலீஷ்காரர்களுக்கு ரெண்டுக்கும் 'அவர்' என்று ஒரே சொல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ருக்ஷி ஹட்டனிலிருந்து வந்து, "அவர் ஹவுஸில் புதுக் கர்ட்டன் போட்டிருக்கு" என்றாள். எந்த வீடு, அதில் நான் உள்ளேயா வெளியேயா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அந்தப் பயத்தோடுதான் நான் அன்று உங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். உனக்கும் சுகந்திக்கும் கட்டார் வேலை சரியாகிவிட்டது, ரெண்டு பேரும் போனால் பிள்ளை யாரிடம் இருப்பாள் என்பதுதான் பேச்சு. ஹட்டனுக்குப் போய்விட்டால் அவள் திரும்பி என்னிடம் வரும்போது விருந்தாளியாகத்தான் வருவாள். அதைவிட எனக்கு வேறு எதுவும் அன்று முக்கியமில்லை. உன் மாமா முத்தையா, என்கூடப் பிறந்தவன், எடுத்த எடுப்பிலேயே கவிழ்த்தான். "அக்கா, கோவிச்சுக்காத. பாசம் ஒங்கிட்ட இருக்கு, அத யாரு இல்லைங்கிறா? ஆனா இங்கிலீஷ் வேணும்ல இந்தக் காலத்துல? அதுக்கு ஹட்டன்தான் தோது." ரவி போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாமா சொல்றது சரி" என்றான். நீ என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்தாய். டீச்சரம்மா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். கீரை ஆயும்போதும் கேரட் கழுவும்போதும் கூட்டிக் கூட்டி வைத்திருந்த ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. ஹட்டனுக்குப் போகாமலே இந்த வீட்டிலும் இங்கிலீஷ் இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டிவிடுவேன் என்று இருந்தேன். "ருக்ஷி இஸ்" என்றேன். ரவி போனைக் கீழே வைத்தான். "ருக்ஷி இஸ் மை ஓன்" என்றேன். லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள், கண் இரண்டும் விரிய. "ருக்ஷி இஸ் மை ஓன் ஸ்வீட் லிட்டில்..." என்றேன். அங்கே நின்றேன். மறந்துவிட்டேன் என்று நீங்கள் எல்லாரும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மறக்கவில்லை. பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நானும் ஒரு மூச்சு பார்த்து நின்றேன், அவ்வளவுதான். சொல் என் நாக்கின்மேல் இருந்தது. எச்சிலை விழுங்கிவிட்டுச் சொல்லப் போனேன்.

"கிராண்ட்டோட்டர்" என்றார் டீச்சரம்மா.

அன்பாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டு, மெல்ல, மேடையில் திணறுகிற பிள்ளைக்குச் சொல்வது போல. எல்லாரும் கை தட்டினீர்கள். யாருக்குத் தட்டினீர்கள்? அப்புறம் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு அவர் பேசினார். "நான் ஒண்டு சொல்லட்டே? பிள்ளை இங்க அப்பாயியோடயே இருக்கட்டும். பிள்ளையில எவ்வளவு ஆசை இருந்தா இந்த வயசில இவ்வளவு பழகியிருப்பா! உங்களில ஒருத்தருக்கும் அது விளங்கேல்லையே? நான் சனிக்கிழமையில வந்து படிப்பிச்சுப்போட்டுப் போறன். எனக்கு என்ன, தனிய இருந்து பழகினனான்தானே."

"அடேங்கப்பா, என்னா பெரிய மனசு!" என்றான் முத்தையா. நீ எழுந்துபோய் அவர் காலில் விழுந்தாய். எனக்குக் கேக் வைத்துத் தந்தாள் செல்வி. தின்றேன். இனிப்பு கூடிப்போயிருந்தது.

உங்களுக்கு இது புரியாது, மலைக்குப் போகாதவர்கள் நீங்கள். கொழுந்து எடுக்கிறவளுக்கு அவளுடைய நிரை என்று ஒன்று உண்டு. செடிக்கும் செடிக்கும் நடுவில் கீழிருந்து மேல்வரை போகிற அந்த ஒற்றை வரிசை அன்றைக்கு அவளுடையது. பக்கத்துக்காரி கை அதில் நீளக் கூடாது, ஒரு கொழுந்துக்குக்கூட. கூப்பிட்டால் வரலாம், கூப்பிடாமல் வரக் கூடாது. நான் பிள்ளை பெற்றுத் திரும்பிப் போன புதிதில், இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு அவிழ்ந்துவிட்டது என்று குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து நிரை மாரியாயி என் நிரைக்குள் நின்று ரெண்டு கையாலும் எடுத்து என் கூடையில் போடுகிறாள். "முடியலேன்னா சொல்ல வேண்டியதுதானே அக்கா" என்கிறாள். மேலே இருந்து கங்காணி, "பாவம், இவளுக்கு மாரியாயிதான் நிரை முடிச்சுக் குடுக்கிறா" என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டான். என் கை நன்றாகத்தான் இருந்தது, என் கால் நன்றாகத்தான் இருந்தது. கூடை நிறைந்தது, ஆனால் அன்றைக்கு அந்தக் கூடையைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குச் சுமந்து போனபோது அதில் என் கொழுந்து எது, அவள் கொழுந்து எது என்று எனக்கே தெரியவில்லை. அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இப்போதும் வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவள் நல்லது செய்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். பிள்ளை இப்போது என்னோடு இருக்கிறாள், என் சவர்க்கார வாசத்தோடு தூங்குகிறாள். சண்டை போட்டு வாங்கியிருந்தால் அவள் எனக்குக் கிடைத்தவள். தோற்றிருந்தால்கூட எனக்கு ஒரு வழக்கு மிஞ்சியிருக்கும். இப்போது என்ன இருக்கிறது? கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் அவர் பஸ்ஸில் நசுங்கி, மூச்சு வாங்க இந்த மேட்டில் ஏறி வருகிறார். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுக்கிறேன், பிஸ்கட்டும் வைக்கிறேன், முகத்தை மட்டும் கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் இனி அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிவதால்தான் இன்னும் எரிகிறது. அவர் கஞ்சத்தனமாக ஒரு சொல் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு இலேசாக இருந்திருக்கும்.

உனக்கு ஒன்று சொல்வேன். உன் மகள் திக்கினாலும், உன்கூட வேலை செய்கிற எவனாவது திக்கினாலும், அவன் வாய்க்குள் உன் சொல்லைக் கொண்டுபோய் வைக்காதே. நின்று பொறு. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அவன் சொல்லாமல் தோற்றாலும் அது அவனுடைய தோல்வியாக இருக்கட்டும்.

மற்றவர்கள் கணக்கை முடித்துவிட்டேன். முத்தையா என்னைக் கவிழ்த்தான், கூடப் பிறந்தவன், போகட்டும். ரவி ஆமாம் போட்டான், அவனுக்கு அதுதான் வரும். சிரித்த லெட்சுமிக்கு மறுநாளே சீனி கொடுத்தேன். காலில் விழுந்த உன்னை, நீ ஏர்போட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தபோதே மன்னித்துவிட்டேன். மாரியாயியைக்கூடச் சாவதற்குள் பார்த்துக்கொள்ளலாம். ஒருத்தரை மட்டும் முடியாது. நேற்று ருக்ஷி பாடம் சொல்லித் தந்தாள், ஆளுடைய பெயருக்கு முன்னால் எவும் வேண்டாமாம், தவும் வேண்டாமாம், மையும் வேண்டாமாம். அதனால் டீச்சரும் போடாமல் அம்மாவும் போடாமல் அவர் பெயரை வெறுமனே எழுதுகிறேன்.

பரமேஸ்வரி.